எதிர் வரிசையில் பஞ்சவர்ணம்

மைக்கு இன்னும் நாலு பேர் தள்ளி இருக்கு. சிவப்புச் சேலைக்காரி கையில. அவ முடிச்சா கண்ணாடி போட்ட அம்மா, அப்புறம் அந்த டீச்சர், அப்புறம் எனக்கு இடப்பக்கம் இருக்கிற கோமளவல்லி, அதுக்கப்புறம் நான். என்னமாக் குளிருது இந்த ஸ்டுடியோவுல. மேல எரியிற லைட்டைப் பார்த்தா சித்திரை வெயிலு மாதிரி இருக்கு, கீழ முட்டி விறைக்குது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லலை. சின்னக் கட்டம் போட்ட சேலை வேணாம், பச்சை வேணாம், வெள்ளை வேண்டவே வேணாம்னு அதை மட்டும் திருப்பித் திருப்பிப் போன் போட்டுச் சொன்னாங்க. பெரியகுளத்து ஜவுளிக்கடையில சேலைப் பிரிவுல நின்னு நின்னு கால் நரம்பு சுருட்டிக்கிட்ட பொம்பளைக்குச் சேலைப் பாடம். சரி, அவங்க பொழப்பு அது. எதிர்த்தாப்புல ஆம்பளைங்க வரிசை, அம்புட்டுப் பேரும் எழுத்தாளருங்க. இந்தப் பக்கம் நாங்க, அவங்க பொண்டாட்டிமாருங்க. நடுவுல பெரிய எழுத்துல 'எழுதும் கணவர்கள், சகித்துக்கொள்ளும் மனைவிகள்'னு எழுதி, பளிச்சு பளிச்சுன்னு மின்ன விட்டிருக்காங்க. எங்க வீட்டுக்காரர் அங்க முன்வரிசையில உக்காந்திருக்கார். குருவையான்னா எங்க தெருவுல தெரியும், போஸ்டாபீஸ்ல இருந்தவருன்னு. வையகன்னு புனைபேரைச் சொன்னாத்தான் இங்க தெரியும். முகத்துல பவுடரை அப்பிவிட்டிருக்காங்க, காதுகிட்ட அது திட்டாத் தெரியுது. துடைச்சுக்கங்கன்னு சாடை காட்டினேன். அவரு நான் வணக்கம் சொல்றேன்னு நினைச்சுக்கிட்டுத் தலையை ஆட்டுறாரு.

ஷெரின் கேமராவுக்குக் கீழ குத்தவச்சு உக்காந்து என்னையே பார்த்துக்கிட்டு இருக்கு. நிகழ்ச்சிக்கு ஆள் சேர்க்கிறது அந்தப் பிள்ளை வேலை. ஆளைச் சேர்க்கிறது மட்டுமில்ல, ஆளு என்ன பேசணும்கிறதையும் அதுதான் சேர்க்குது. போன வாரம் போன்ல ஒரு மணி நேரம் என்கிட்டப் பேசுச்சு. நல்ல பிள்ளை, அம்மா அம்மான்னு உருகுது. உங்க வீட்டுக்காரர் எழுதுறதால உங்களுக்கு என்ன கஷ்டம்னு கேட்டுச்சு. என்ன கஷ்டம்னு சொல்ல. கரண்டு பில்லுதான் ஏறுதுன்னேன். சிரிச்சுச்சு. அப்புறம் என் வாய் சும்மா இருக்குமா. நாள் பூராக் கடையில பேசிப் பழகின வாயி, போனைக் கையில குடுத்தா நிக்கவா செய்யும். அவரு கதையில வர்ற பொம்பளை எல்லாம் என் வாயாலதான் பேசுறாளுக, என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லைன்னு விளையாட்டாச் சொல்லிட்டேன். அதை அந்தப் பிள்ளை பிடிச்சுக்கிச்சு. அப்புறம், அம்மா இதுதான்மா உங்க கண்டென்ட், இதை அப்படியே வந்து சொல்லுங்கன்னுச்சு. இன்னைக்குக் காலையில மேக்கப் ரூம்ல வந்து அது இன்னும் கொஞ்சம் மாறிப்போச்சு. என் வார்த்தையைத் திருடிட்டார்னு சொல்லுங்கம்மா, நல்லா நிக்கும்னுச்சு. திருடிட்டார்னு நான் எப்பச் சொன்னேன். ஆனா பாரு, அந்தப் பிள்ளை சொன்னதுல இருந்து அந்த வார்த்தை உள்ளுக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு, எந்திரிக்க மாட்டேங்குது.

இங்க எல்லாமே இப்படித்தான். மொதல்ல ஆளுங்களை உக்கார வச்சு, ஒருத்தர் பேசுறதுக்கு முன்னாடியே கைதட்டலைத் தனியா எடுத்துக்கிட்டாங்க. அப்புறம் சிரிப்பு. அப்புறம் ஆச்சரியமாப் பாருங்கன்னாங்க, பார்த்தோம். கடைசியில பொம்பளைங்க வரிசையை மட்டும், மனசு கனத்துப்போய் மெதுவாத் தலையாட்டுங்கன்னாங்க. எதுக்குத் தலையாட்டுறோம்னு தெரியாமலே ஆட்டினோம். கோமளவல்லி கண்ணைக் கூடத் துடைச்சுக்கிட்டா. எல்லாம் கையில இருக்கு அவங்களுக்கு, வார்த்தை மட்டும்தான் வரணும். கடையிலயும் நாங்க இப்படித்தான், இந்தக் கலரு உங்களுக்கு எடுப்பா இருக்கும்க்கான்னு ஆளு படியேறும்போதே நாக்குல தயாரா நிக்கும். அதனால எனக்கு இதுல கோவம் இல்ல. தொழிலு. சிவப்புச் சேலைக்காரி இப்ப நல்லாத்தான் பேசுறா, வீட்டுக்காரர் கவிதை எழுதுறேன்னு கேஸை ஆப் பண்ண மறந்து பாலு பொங்கி வழிஞ்ச கதை. எல்லாரும் சிரிக்கிறாங்க. பாலுன்னதும் எனக்கு மட்டும் எங்கேயோ இழுக்குது. சிரிச்சுக்கிட்டேதான் இருக்கேன், கேமரா இந்தப் பக்கம் வந்தாலும் வரும்.

மைக்கு கண்ணாடி அம்மா கைக்கு வந்து, அங்கிருந்து டீச்சர் கைக்கு வந்துருச்சு. டீச்சர் சுத்தத் தமிழ்ல பேசுறாங்க, நம்ம சீக்கிரமே முடிச்சுக்கிடலாம்னு தோணுற தமிழு. அவங்களைப் பாதியில நிறுத்திட்டு, கோட்டுப் போட்ட தொகுப்பாளர் தம்பி இப்ப ஆம்பளைங்க பக்கம் திரும்புறார். டீப்பாய்ல இருந்து ஒரு புத்தகத்தை எடுக்கிறார். எங்க வீட்டுப் புத்தகம். அட்டையைப் பார்த்ததும், பரீட்சைக்கு நம்ம பிள்ளை பேரைக் கூப்பிட்ட மாதிரி நிமிர்ந்து உக்காந்துட்டேன். அவரு அறுபதை நெருங்கும்போது வந்த முதல் புத்தகம் அது. பதிப்பாளர் சொல்லியிருக்கார், டிவியில வந்துச்சுன்னா அடுத்த பதிப்புப் போட்டுரலாம்னு. அதுக்காகத்தான் இவரு புதுச் சட்டை எடுத்தது, அதுக்காகத்தான் நான் லீவு போட்டுட்டு ராத்திரி பஸ்சுல உக்காந்து வந்தது. இந்தக் கதையில ஒரு வரி வருது, எல்லாரும் கேளுங்கன்னு அந்தத் தம்பி குரலை இறக்குறார். பின்னாடி லேசா மியூசிக் வரும்போல, இப்ப இல்ல, அப்புறம் சேர்ப்பாங்க. வாசிக்கிறார். குழந்தையைப் பறிகொடுத்த தாய் ஆஸ்பத்திரிக் கட்டில்ல உக்காந்து சொல்றாள்: 'பால் இன்னும் ஊறுது. அதுக்கு யாரும் போய்ச் சொல்லலை போல.'

அம்புட்டுப் பேரும் கைதட்டுறாங்க. தயார் பண்ணின கைதட்டு இல்ல, நிஜக் கைதட்டு. அதுவே எனக்கு என்னமோ போல இருக்கு. சோபாவுல சிறப்பு விருந்தினரா ஒரு பேராசிரியர் அம்மா உக்காந்திருக்காங்க, அவங்க மூக்குக் கண்ணாடியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டுச் சொல்றாங்க, ஒரு ஆம்பளை இதை எப்படி எழுத முடியும், கூடு விட்டுக் கூடு பாய்ஞ்சிருக்கார் இந்த மனுஷன், இது பெண்ணோட மொழி, இது இலக்கியம் மட்டுமே செய்யக்கூடிய காரியம்னு. தொகுப்பாளர் இவரைப் பார்த்து, சார், இந்த வரி எப்படி சார் வந்துச்சுங்கிறார். இவரு எந்திரிக்கிறார். சட்டையோட மடிப்பு இன்னும் கலையலை. ஒரு நிமிஷம் என்னைப் பார்க்கிறார், பார்த்தாரா, இல்ல லைட்டுக்குக் கண்ணைச் சுருக்கினாரா. எழுதிக்கிட்டு இருக்கும்போது தானா வந்துச்சுங்க அப்படிங்கிறார்.

தானா வந்துச்சு. சரி. தானாத்தான் வந்துச்சு. என்கிட்ட. பெரியாஸ்பத்திரியில, மத்தியானம். பேர் வைக்கிறதுக்கு முன்னாடியே போயிட்டா அவ. பொட்டப்பிள்ளை. தலைமுடி அப்பவே கருகருன்னு இருந்துச்சு, அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு, முகம் வர மாட்டேங்குது. போட்டோ இல்ல, அந்தக் காலத்துல யாரு பிறந்த பிள்ளையைப் போட்டோ எடுத்தா. எங்க அண்ணனும் இவரும்தான் கொண்டுபோய் அடக்கம் பண்ணிட்டு வந்தாங்க. இவரு குளிச்ச ஈரத்தலையோட கட்டிலுக்குப் பக்கத்துல வந்து நின்னாரு. தலையில இருந்து சட்டைக் காலர்ல தண்ணி சொட்டுது. நான் ஜாக்கெட்டு நனைஞ்சு உக்காந்திருக்கேன். அடுத்த கட்டிலு பிள்ளை அழுகும்போதெல்லாம் எனக்குச் சுரக்குது. அதோட அழுகைக்கு என் உடம்பு ஏன் பதில் சொல்லுதுன்னு எனக்கு அப்படி ஒரு வெக்கம். அப்பச் சொன்னேன். பால் இன்னும் ஊறுது, அதுக்கு யாரும் போய்ச் சொல்லலை போலன்னு. அழுதுக்கிட்டெல்லாம் சொல்லலை. மழை விடலை போலன்னு சொல்ற மாதிரித்தான் சொன்னேன். இவரு குனிஞ்சு தரையைப் பார்த்துக்கிட்டு நின்னாரு. அப்புறம் நான் இன்னொண்ணு சொன்னேன். நீங்க எங்கயும் போயிறாதீங்கன்னேன். அவ்வளவுதான். அவரு சரின்னாரு, காபி வாங்கிட்டு வந்துடுறேன்னு தூக்குவாளியை எடுத்துக்கிட்டுப் போனாரு. வார்டுல லைட்டுப் போட்ட பிறகுதான் வந்தாரு. தூக்குவாளி காலியாத்தான் இருந்துச்சு. எங்க போனீங்கன்னு நான் கேக்கலை. அவரும் சொல்லலை. எங்கயாவது மறைவா நின்னு அழுதிருப்பாரு, ஆம்பளை வேற என்ன செய்வான், இப்படி நானே ஒரு பதிலைச் சொல்லிக்கிட்டு இம்புட்டு வருஷத்தை ஓட்டியாச்சு.

அந்தக் கதை முதல்ல ஒரு பத்திரிகையில வந்துச்சு. கடையில மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல, பிரிக்காத சேலைக் கட்டு மேல உக்காந்து படிச்சேன். என் வரி வந்த இடத்துல எனக்கு ஒண்ணும் ஆகலை. ஆமா நான் சொன்னது, ஞாபகம் வச்சிருக்கார் மனுஷன்னு கூட நினைச்சேன். ஒரு சந்தோசம்னு கூடச் சொல்லலாம். அதுக்கு அடுத்த வரியிலதான் எனக்குச் சோறு இறங்கலை. கதையில வர்ற புருசன் எங்கயும் போகலை. கட்டிலுக்குக் கீழ தரையில உக்காந்துக்கிர்றான். அவ காலை எடுத்து மடியில வச்சுக்கிர்றான். விடியற வரைக்கும் அப்படியே உக்காந்திருக்கான். யாருடா இவன்னு இருந்துச்சு எனக்கு. நான் சொன்னதுல பாதியை எடுத்துக்கிட்டு, பாதியை விட்டுட்டு, விட்ட பாதிக்குப் பதிலா இவனை உக்கார வச்சிருக்கார். எனக்குச் செய்யாததை அந்தச் செண்பகத்துக்குச் செஞ்சிருக்கார். செண்பகம்கிறது கதையில எனக்கு வச்ச பேரு. படிச்சிட்டு எத்தனை பேரு கடுதாசி போட்டாங்க, அந்தக் கணவனைப் போல ஒரு ஆண் வேணும்னு ஒரு காலேஜ் பிள்ளை கூட எழுதியிருந்துச்சு. நான்தான் அதை அவருக்கு வாசிச்சுக் காட்டினேன். கேட்டுக்கிட்டு இருந்தாரு, துண்டை எடுத்துக்கிட்டுக் குளிக்கப் போயிட்டாரு. தண்ணி ஊத்துற சத்தம் வெகுநேரம் கேட்டுச்சு.

கோமளவல்லி கைக்கு மைக்கு வந்துருச்சு. அவ வீட்டுக்காரர் கட்டிலுக்கு அடியில புத்தகத்தை அடுக்கி வச்சுக் கரையான் வந்ததைச் சொல்றா. அவ முழங்கை என் மேல இடிக்குது. ஷெரின் பிள்ளை அங்கிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டுது. அடுத்து நான்தான்னு அதுக்குத் தெரியும், இந்த வரியை வாசிக்கச் சொன்னதே அதுவாத்தான் இருக்கும். வரியை வாசிச்சிட்டு, அப்புறம் பொண்டாட்டி கையில மைக்கைக் குடுத்தா எரியும்னு கணக்குப் போட்டிருக்கு. ஆனா அது எந்த நேரத்துல நான் சொன்ன வரின்னு அந்தப் பிள்ளைக்குத் தெரியாது, பாவம், பொதுவாத்தான் சொன்னேன் நான். திருடிட்டார்னு சொன்னா என்ன ஆகும். எதிர்த்தாப்புல இருக்கிற அந்த முகம் என்ன ஆகும். திரும்பி வந்த கதைக் கவரைப் பிரிக்காமலே பீரோவுக்கு மேல தூக்கிப் போடுற முகத்தை நான் பார்த்திருக்கேன். இன்னைக்குத்தான் முதல் தடவையா நாலு பேர் கைதட்டி அது கொஞ்சம் விரிஞ்சிருக்கு. அதை என் வாயாலயா மூடணும். ஊரே பார்க்கும். மகன் பார்ப்பான், அவனுக்கு ஒரு அக்கா இருந்தாங்கிறதே அரைகுறையாத்தான் தெரியும். சரி, சொல்லலைன்னா. சொல்லலைன்னா அவ செண்பகத்தோட பிள்ளையாவே போயிடுவா. அவளோடதுன்னு என்கிட்ட இருக்கிறது என்ன, பேரா, சட்டையா, பிறந்தநாளா. அந்த ஒரு வரிதான். அது இப்ப அட்டை போட்டு டீப்பாய் மேல கிடக்கு, தானா வந்ததுன்னு பேரோட. தானா வர்றதுக்கு அது என்ன வழியில கிடந்ததா. அவரு எழுதலைன்னா அதுவும் போயிருக்கும்தான், நானே மறந்திருப்பேன், அதையும் சொல்லணும்ல. எழுதினதால இருக்கு, எழுதினதால என்கிட்ட இல்ல. என்னால இதுக்கு மேல யோசிக்க முடியலை. கடையில ஒரு சேலைக்கு ரெண்டு பேர் சண்டை போட்டா இன்னொரு கட்டைப் பிரிச்சுப் போட்டுரலாம். இதுக்கு எங்க போக.

"கரையானுக்கும் இலக்கிய ரசனை இருக்குபோல" அப்படின்னு தொகுப்பாளர் தம்பி சொல்ல, எல்லாரும் சிரிக்க, கோமளவல்லி மைக்கை என் மடியில வச்சிட்டா. கையில எடுத்தா சூடா இருக்கு, அத்தனை பேர் பிடிச்ச சூடு.

"பஞ்சவர்ணம் அம்மா, எந்திரிங்க. உங்களுக்கு வையகன் சார் மேல ஒரு பெரிய புகார் இருக்காமே. உங்க வார்த்தையைத் திருடிட்டார்னு?"

எந்திரிச்சுட்டேன். முட்டி வலிக்குது. எதிர்ல அவரு நிமிரவே இல்ல. ஆஸ்பத்திரியில தரையைப் பார்த்துக்கிட்டு நின்ன மாதிரியே பார்த்துக்கிட்டு இருக்கார். அவருக்குத் தெரிஞ்சிருச்சு.

"திருட்டெல்லாம் இல்லப்பா. ஒரே வீடு, ஒரே அடுப்பு. யாரு எடுத்தா என்ன."

சிரிக்கிறாங்க. ஷெரின் முகம் விழுந்துபோச்சு. இதோட உக்காந்திரலாம். உக்காரத்தான் நினைச்சேன். காலு மடங்க மாட்டேங்குது.

"ஆனா நீங்க இப்ப வாசிச்சீங்கல்ல, பாலு ஊறுதுன்னு. அது நான் சொன்னது. எங்க முதல் பிள்ளை தவறின அன்னைக்கு."

பேராசிரியர் அம்மா கழட்டின கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு என்னைப் பார்க்கிறாங்க. தொகுப்பாளர் தம்பி மெதுவா அவரு பக்கம் திரும்புறார். "சார், தானா வந்ததுன்னு சொன்னீங்களே."

அவரு மைக்கு இல்லாமலே என்னமோ முணுமுணுக்கிறார். ஆமா, அவ சொன்னதுதான்னு உதடு அசையிறது எனக்குத் தெரியுது. அந்தத் தம்பி அடுத்த கேள்விக்கு வாயெடுக்குது. அது என்ன கேள்வியா இருந்தாலும் இவரு தாங்க மாட்டாரு.

"தானாத்தான் வந்துச்சு தம்பி. எனக்கும் தானாத்தான் வந்துச்சு. அதுல பொய் இல்ல." மைக்கை இன்னொரு கைக்கு மாத்திக்கிறேன். "அதுக்கப்புறம் நான் இன்னொண்ணு சொன்னேன். அதை மட்டும் அவரு எழுதலை."

"என்னம்மா சொன்னீங்க?"

அம்புட்டுக் கேமராவும் என் மேல. அவரு இப்ப நிமிர்ந்துட்டாரு. நேரா என்னைப் பார்க்கிறார். மறக்கலை. ஒரு எழுத்து மறக்கலை இந்த மனுஷன். இத்தனை வருஷமும் அதை வச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கார், எழுதத்தான் முடியலை. எனக்கு அது இப்பத்தான் தெரியுது, அதுக்கு இவ்வளவு தூரம் வர வேண்டியிருந்திருக்கு.

"அது அவருக்குச் சொன்னதுப்பா" அப்படின்னுட்டு, மைக்கை வலப்பக்கம் இருந்த பொம்பளை கையில குடுத்துட்டு உக்காந்துட்டேன்.

விடுவாங்களா. தொகுப்பாளர் தம்பி அவரு தோளைத் தொட்டு எழுப்புறார். சார், போங்க சார், அம்மா பக்கத்துல போய் உக்காருங்க சார், இந்த ஒரு நாளாவதுன்னு கையை நீட்டி வழி காட்டுறார். ஒரு கேமராக்காரர் பின்னாடியே நகர்ந்து பாதை விடுறார். எல்லாரும் தட்டத் தயாராக் கையை எடுத்துட்டாங்க. அவரு எந்திரிச்சுட்டாரு. ஒரு எட்டு வச்சும் வச்சுட்டாரு. பவுடர் மேல கண்ணீர் கோடு போட்டு இறங்குது. வந்திருவாரு. வந்து உக்காந்திருவாரு. ஆனா இன்னைக்கு, இங்க, இத்தனை வெளிச்சத்துல வந்து உக்காந்தா, அது அந்தக் கதையில வர்றவன் உக்கார்றது. இவரு இல்ல. எனக்கு வேண்டியது இவரு.

"வராதீங்க" அப்படின்னேன். சத்தமாச் சொல்லலை, வீட்டுல சொல்ற மாதிரித்தான் சொன்னேன். "அங்கயே உக்காருங்க. வீட்டுக்குப் போய்ப் பேசிக்குவோம்."

அவரு நின்னாரு. சரின்னு தலையை ஆட்டினாரு. திரும்பிப் போய் உக்காந்தாரு.

ஷெரின் பிள்ளை குனிஞ்சுக்கிட்டே கேமராவுக்கு இடையில ஓடி வந்து என் காலுகிட்ட உக்காந்து, "அம்மா, இப்பச் சொன்னது மைக்ல விழலைம்மா, ப்ளீஸ்மா, அப்படியே இன்னொரு தடவை சொல்லிருங்க" அப்படின்னு கெஞ்சுது.

"அவருக்குக் கேட்டுருச்சு தாயி. போதும்."